தலைக்குத் தண்ணீர் ஊற்றப் பயப்பட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் முடி நடவு விளம்பரம் வராத வாரம் இல்லை. ஒரு கிராஃப்ட்டுக்கு (பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்துக்கு) இத்தனை ரூபாய், காலையில் வந்தால் மாலையில் வீடு, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மறுநாள் தலையை எப்படிக் கழுவுவது என்று ஒருவரும் போடுவதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது பல இடங்களில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கையில் திணிக்கிறார்கள். அதை எடுத்துப் படிக்க வேண்டிய மூன்றாம் நாளில் நெற்றி வீங்கிக் கண் பாதி மூடியிருக்கும். முடி நட்டவர்களுக்குக் கட்டுப் பிரிப்பதும் தலை கழுவிவிடுவதும் எங்கள் அன்றாட வேலை. அந்தத் தாளில் இருப்பதையும், இருந்திருக்க வேண்டியதையும் உங்கள் வாசகர்களுக்காகத் தமிழில் எழுதுகிறோம்.

முதலில் ஓர் அச்சத்தைப் பற்றி. நட்ட முடி கையோடு வந்துவிடுமோ என்று பயந்து, பத்துப் பதினைந்து நாள் தலையில் சொட்டுத் தண்ணீர் படாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. கழுவிக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைவிட, கழுவாமல் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். துளைபோட்டு எடுத்து 2500 கிராஃப்ட் நட்டால் தலையில் 5000 காயம்: பின்னந்தலையில் எடுத்த துளை 2500, முன்னால் நட்ட கீறல் 2500. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் ரத்தமும் நீரும் கசியும். கீறலுக்குள்ளேயே உறைந்துவிடும் கசிவு நல்லது. பசைபோல் நின்று கிராஃப்ட்டைப் பிடித்து வைப்பது அதுதான். தோலுக்கு மேலே வந்து முடித்தண்டைச் சுற்றிக் காய்ந்துபோவதுதான் பொருக்கு. அது கிராஃப்ட்டைவிடப் பெரியது, சொரசொரப்பானது. தலையணையில் மாட்டும், காலரில் மாட்டும், தூக்கத்தில் சொறியும் நகத்தில் மாட்டும். மாட்டி இழுபட்டால் தனியாக வராமல் உள்ளே இருக்கும் வேரையும் இழுத்துக்கொண்டு வரும்.

இதை அமெரிக்க மருத்துவர்கள் பெர்ன்ஸ்டைனும் ராஸ்மனும் நேரடியாகச் சோதித்து 2006-இல் எழுதினார்கள். நட்ட முடியையும் அதன்மேல் இருந்த பொருக்கையும் ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்தார்கள். முதல் 2 நாளில் முடியை இழுத்தால் கிராஃப்ட் வந்துவிட்டது. 6-ஆம் நாளில் வெறும் முடியை இழுத்தபோது கிராஃப்ட் வரவில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டிருந்த பொருக்கைப் பிய்த்தபோது 5-ஆம் நாள் வரை கிராஃப்ட்டும் சேர்ந்தே வந்தது. 8-ஆம் நாள் வரை அந்த ஆபத்து குறைந்துகொண்டே போனது. 9-ஆம் நாளில் இல்லை. ஆக, பொருக்கே கட்டாமல் பார்த்துக்கொண்டவருக்கு ஆறு நாளில் நிம்மதி, பொருக்கு கட்டவிட்டவருக்கு ஒன்பது நாள் பதற்றம். கீழே சொல்லும் நாள் கணக்கு எல்லாம் இதிலிருந்து வருவதுதான். உங்கள் மருத்துவர் ஓரிரு நாள் முன்பின்னாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். நட்ட அடர்த்தியும் உங்கள் தோலும் அவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் இரவு படுப்பதில் இருக்கிறது பாதி. முதுகைச் சாய்த்து, தலை நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி, இரண்டு மூன்று தலையணை அடுக்கி ஏறக்குறைய 45 டிகிரியில் படுக்க வேண்டும். சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது. ரயில் பயணத்துக்கு விற்கும் குதிரைலாட வடிவக் கழுத்துத் தலையணை ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் தூக்கத்தில் தலை பக்கவாட்டில் புரளாது. சாய்ந்து படுப்பது 4, 5 இரவுகளுக்கு. குப்புறப் படுக்காமல் இருப்பது 10 இரவுகளுக்கு. தலையணைமேல் துவைத்த பழைய வேட்டித் துணியை விரியுங்கள். குளிக்கிற டர்க்கி டவல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சின்னச் சின்ன நூல் வளையங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் முடி போய் மாட்டிக்கொள்ளும். காலையில் துணியில் இளஞ்சிவப்பாகக் கறை இருந்தால் பதற வேண்டாம். அது பின்னந்தலையிலிருந்து கசிந்தது, ஓரிரு நாளில் நின்றுவிடும்.

அடுத்தது சலைன், அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர். முதல் மூன்று நாள், விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை நட்ட இடத்தில் 0.9 சதவீதச் சலைனைப் பனிபோலத் தெளிக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, சொட்டாமல் நனையும் அளவுக்கு அடித்தால் போதும். கசிவு காயாமல் இருந்தால் பொருக்கு தடிக்காது, தெளிப்பது அதற்காகத்தான். தூங்குகிறவரை எழுப்பித் தெளிக்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் 100 மில்லி பாட்டிலாகவே கேட்டு வாங்குங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. பெரிய பாட்டிலைத் திறந்து மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்தால் அதில் கிருமி வளரும். தெளிப்பான் புதிதாக இருக்க வேண்டும். இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கழுவி எடுத்து வந்தவர்களும் உண்டு. அதன் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் உப்புக் கரைத்துச் சலைன் செய்வதும் வேண்டாம். அளவு கூடினால் எரியும், கடையில் விற்பதோ மலிவு.

இனி கழுவுதல். முதல் கழுவலை, 24 மணி நேரத்துக்குப் பின்போ மூன்றாம் நாளிலோ, சிகிச்சை செய்த இடத்திலேயே செய்துவிடச் சொல்லுங்கள். கூட வந்தவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பின்னால் வீட்டில் தண்ணீர் ஊற்றப்போகிறவர் அவர்தானே. வீட்டில் செய்யும்போது முறை இது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் சலைன் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஒரு மக்கில் பாதி வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி குழந்தைகள் ஷாம்பு; கையால் அடித்து நன்றாக நுரை எழுப்புங்கள். ஷாம்புவை நேராகத் தலையில் ஊற்றித் தேய்ப்பது கூடாது. நுரையை மட்டும் உள்ளங்கையில் அள்ளி, நட்ட இடத்தின்மேல் வையுங்கள். தடவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற பதமாக, வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு மக்கைத் தலையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பிடித்து மெல்லச் சரித்து ஊற்றுங்கள். ஷவரைத் திறந்துவிட்டு அடியில் நிற்பதும், பக்கெட் குழாயின் வேகத்தில் தலையை நீட்டுவதும் இரண்டு வாரத்துக்கு ஆகாது. பின்னந்தலையை முதல் கழுவலிலிருந்தே விரல் நுனிச் சதையால் மெதுவாகத் தேய்த்துக் கழுவலாம், அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை. துவட்டும்போது பின்பக்கத்தை ஒற்றி எடுங்கள், முன்பக்கத்தைக் காற்றில் ஆறவிடுங்கள். சூடான ஹேர் டிரையர் வேண்டாம்.

இதைத் தினம் ஒரு முறை செய்ய வேண்டும். 4-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாள் வரை நுரை வைத்த பின் விரல் சதையால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். அழுத்தி எடுப்பது சரி, அழுத்தியபடி இழுப்பது தவறு. 7, 8-ஆம் நாளில் ஊறவிடும் நேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் கூட்டி, மெதுவாக வட்டமாகச் சுழற்றத் தொடங்கலாம். ஊறிய பொருக்கு வெல்லம் கரைவதுபோல் ஓரத்திலிருந்து நெகிழும். அன்றைக்கு வந்தது வரட்டும், வராததை நாளைக்கு விட்டுவிடுங்கள். 9-ஆம் நாளுக்குப் பின் கொஞ்சம் தைரியமாகவே தேய்க்கலாம். 10-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் தலை சுத்தமாகிவிட வேண்டும். அதற்குப் பிறகும் பொருக்கு ஓடுபோல் ஒட்டியிருந்தால் வீட்டில் சுரண்டாமல் நேராகக் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். அங்கே ஊறவைத்து எடுத்துவிடுவார்கள். பொருக்கின் அடியில் ஈரமும் அழுக்கும் தேங்கினால் சீழ் பிடிப்பதற்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பாதி வீடுகளில் போர் தண்ணீர்தான். அது உப்புத் தண்ணீராக இருந்தால் ஷாம்பு சரியாக நுரைக்காது, நுரைக்காததால் அதிகம் போட்டு அதிகம் தேய்ப்பார்கள். முதல் பத்து நாளுக்குத் தலைக்கு மட்டும் கேன் தண்ணீரையோ காய்ச்சி ஆறிய தண்ணீரையோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கழுவலுக்கு மூன்று நான்கு மக் போதும். ஒரு 20 லிட்டர் கேன் பத்து நாள் கழுவலில் பெரும்பகுதிக்கு வரும்.

வீக்கம் எல்லோரையும் பயமுறுத்தும் சங்கதி. மரத்துப்போக ஊசி போடும்போது தோலுக்கடியில் நிறையத் திரவம் ஏற்றியிருப்பார்கள். அது இறங்கும் வழி நெற்றி, கண்ணிமை, மூக்குத்தண்டு. இரண்டாம் நாள் தொடங்கி மூன்று, நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் வடிந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் தேனீ கொட்டியதுபோல இருக்கும்; வலி அவ்வளவாக இருக்காது. ஐஸ் ஒத்தடம் நெற்றியில், புருவத்துக்கு மேல், துணியில் சுற்றி, பத்து நிமிடம். நட்ட இடத்தில் ஐஸ் படவே கூடாது. அங்கே ரத்த ஓட்டம் தேவை, தவிர தோல் மரத்திருப்பதால் சுட்டாலும் தெரியாது, உறைந்தாலும் தெரியாது. நெற்றியின் நடுவிலிருந்து இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் விரலால் மெல்ல நீவிவிடலாம். வீக்கம் வடியச் சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருவார்கள். அது சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளி என்று சிகிச்சைக்கு முன்பே சொல்லாமல் மறைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் கசிவதைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அடுத்து அரிப்பு. 5-ஆம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டு வாரம் படுத்தும். காயம் ஆறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி என்றாலும் கை தானாகத் தலைக்குப் போய்விடும். சலைன் தெளித்தால் கொஞ்சம் அடங்கும். தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு இரவில் ஒரு அலர்ஜி மாத்திரை போடலாம். நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் சமையலறை உள்ளே வரும். சின்ன வெங்காயச் சாறு, எலுமிச்சை, தயிர், வேப்பிலை அரைத்தது, மஞ்சள், கற்றாழை என்று அன்போடு ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆறாத காயத்தில் வெங்காயமும் எலுமிச்சையும் எரிச்சலைக் கிளப்பும், அரைத்து அப்பும் எதுவும் காய்ந்து இன்னொரு பொருக்காகும், மஞ்சள் போட்டால் அடியில் சிவந்திருக்கிறதா என்றே பார்க்க முடியாது. சீயக்காயும் அரப்பும் ஒரு மாதம் கழித்து. தேங்காய் எண்ணெய் மட்டும் விதிவிலக்கு: எட்டு ஒன்பது நாளுக்குப் பின் பிடிவாதமாக நிற்கும் பொருக்கை இளக்க இரண்டு சொட்டு தடவ மருத்துவர்கள் சிலர் அனுமதிப்பார்கள். வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் ஒரு மாதம் பொறுக்கட்டும். நடவு தேதியைத் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று காலை யாராவது எண்ணெய்க் கிண்ணத்தோடு தலைமாட்டில் நிற்பார்கள்.

பத்தியம் பற்றியும் கேட்கிறார்கள். கத்திரிக்காய், கருவாடு சாப்பிட்டால் தலை அரிக்கும், புண் ஆறாது என்று ஒதுக்குகிறார்கள். ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத உணவைத் தவிர வேறெதையும் ஒதுக்க வேண்டியதில்லை. முட்டை, பருப்பு, மீன் நன்றாகச் சாப்பிடலாம். ஒதுக்க வேண்டியவை சிகரெட்டும் மதுவும்தான். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும், புதிதாக நட்ட வேருக்கு ரத்தம் வருவதே அந்தச் சின்னக் குழாய்கள் வழியாகத்தான். முன்னால் இரண்டு வாரம், பின்னால் இரண்டு வாரம் சிகரெட் இல்லாமல் இருக்க முடியாதவர் நடவைத் தள்ளிப்போடுவது நல்லது என்பதே எங்கள் கருத்து. மதுவை முதல் ஒரு வாரமாவது தொடாதீர்கள்.

அன்றாட நடமாட்டத்தில் கிராஃப்ட் போவது பெரும்பாலும் இடிபட்டுத்தான். ஆட்டோவில் ஏறும்போது மேல் கம்பி, காரில் ஏறும்போது கதவு விளிம்பு, பழைய வீட்டின் தாழ்ந்த நிலைப்படி. முன்நெற்றியில் நட்டவருக்கு இடிபடுகிற இடமும் நட்ட இடமும் ஒன்றே. இரண்டு வாரத்துக்கு ஆட்டோவைவிட டாக்ஸி மேல், அதிலும் முதலில் உட்கார்ந்துகொண்டு பிறகு காலை உள்ளே இழுங்கள். தலை வழியாக மாட்டும் பனியனும் டீ ஷர்ட்டும் பத்து நாளைக்கு வேண்டாம், பொத்தான் வைத்த சட்டைதான். இரு சக்கர வண்டிக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். புது நடவுமேல் ஹெல்மெட் மாட்டுவதோ தலையைச் சீய்த்து எடுப்பதற்குச் சமம். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஹெல்மெட்டும் இல்லை, வண்டியும் இல்லை. ஹெல்மெட் இல்லாமல் வண்டி என்பது அதைவிட மோசமான யோசனை. கட்டட வேலை, தொழிற்சாலை வேலை செய்கிறவர்களும் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களும் பாதுகாப்புத் தொப்பியை மனதில் வைத்து விடுப்பைக் கணக்கிட வேண்டும். ஊருக்குத் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது நட்டுக்கொள்வது பணத்தைக் கொட்டுவது. வெயிலில் போக வேண்டியிருந்தால் நட்ட இடத்தைத் தொடாத தளர்வான துணித்தொப்பி, அதுவும் மருத்துவர் சொன்ன நாளுக்குப் பின். மாநிறத் தோலில் புதுக் காயம் வெயில் பட்டால் சிவப்பு கருப்பாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். அதனால் மூன்று மாதம் நேர் வெயில் வேண்டாம்.

நெற்றிக் கோட்டில் நட்டவர்கள் விபூதி, சந்தனம், குங்குமத்தைப் புருவத்துக்கு இடையில் சின்னதாக வைத்துக்கொள்ளட்டும். மூன்று விரலால் நெற்றி முழுக்க இழுக்கும் பட்டை இரண்டு வாரம் கழித்து. கடலிலும் கோயில் குளத்திலும் நீச்சல் குளத்திலும் ஒரு மாதம் முங்கக் கூடாது. மொட்டை வேண்டுதல் இருப்பவர்கள் நடவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. நட்ட இடத்தில் சவரக் கத்தி படுவதற்கு ஆறு மாதமாவது பொறுங்கள், மருத்துவரையும் கேளுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள ஒரு மாதம் போதும். இரண்டாம் நாளிலிருந்து மெதுவாக நடக்கலாம். வியர்த்துக் கொட்டும் உடற்பயிற்சியும் எடை தூக்குவதும் இரண்டு வாரம் கழித்து.

பின்னந்தலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துளைபோட்டு எடுத்திருந்தால் அது வேகமாக மூடிக்கொள்ளும், மருத்துவர் தந்த களிம்பை நாளைக்கு இரண்டு வேளை சில நாள் தடவினால் போதும். தோலைப் பட்டையாக வெட்டி எடுத்துத் தைத்திருந்தால் கதை வேறு. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதன் பின்னும் ஒரு மாதத்துக்குக் குனிந்து பாரம் தூக்கினாலோ கழுத்தை வெடுக்கென்று வளைத்தாலோ தழும்பு அகலமாகும். இரண்டு முறையிலும் சில வாரம், சிலருக்குச் சில மாதம், தொட்டால் மரத்த மாதிரி இருக்கும். நரம்பு நுனிகள் வளர்ந்ததும் சரியாகும்.

இப்போது, கையில் ஒரு முடி வந்துவிட்டது, அது என்ன? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் ஒரு வாரத்தில், நுனியில் அரிசி நொய் அளவுக்கு ஈரமான வெள்ளைச் சதையோடு முடி வந்து, வந்த இடத்தில் ரத்தப் பொட்டு தெரிந்தால் ஒரு கிராஃப்ட் போய்விட்டது. சலைனில் நனைத்த காஸ் துணியை அந்த இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் அசையாமல் அழுத்துங்கள். துடைக்காதீர்கள், நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்காதீர்கள். வந்ததைத் திரும்பச் செருக முயலாதீர்கள். 2500-இல் ஒன்று போனதால் தலை வெறுமையாகிவிடாது. மாறாக, எட்டு பத்து நாளுக்குப் பின் காய்ந்த பொருக்குக்குள் ஒரு குட்டி முடி ஒட்டிக்கொண்டு, ரத்தம் இல்லாமல் வந்தால் அது வெறும் தண்டு. வேர் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி இப்படித்தான் உதிரும். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டும். ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சண்டைக்கு வருவது இந்தக் காலத்தில்தான். வேர் ஓய்வெடுத்துவிட்டு மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய, சில சமயம் சுருண்ட முடியை அனுப்பும். அது தடித்து முழு உருவம் காட்ட ஓராண்டு, உச்சந்தலையில் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். முளைக்கும் காலத்தில் தோலைத் துளைக்க முடியாத முடி உள்ளேயே சுருண்டு பருவாகும். ஒன்றிரண்டு பருவுக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், கிள்ளிப் பிதுக்காதீர்கள். கொத்தாக வந்து சீழ் கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நியூயார்க்கில் 1952-இல் முடி நடவைத் தொடங்கிய தோல் மருத்துவர் ஓரன்ட்ரைக் என்பவர் கண்டு சொன்னது, பின்னந்தலை முடியை எங்கே நட்டாலும் பின்னந்தலைக் குணத்தோடேயே வளரும் என்பது. அதனால் நட்டது நிற்கும். நடாத பழைய முடியோ தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். முடி உதிர்வதைத் தடுக்க மருத்துவர் எழுதிய ஃபினாஸ்டரைடு மாத்திரையை ‘அதான் நட்டாயிற்றே’ என்று நிறுத்தினால், சில ஆண்டுகளில் நட்ட வரிசை முன்னால் தனியாகவும் பின்னால் வெறும் தோலுமாக நிற்கும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் திரவத்தில் பெரும்பாலும் ஆல்கஹால் உண்டு, பச்சைக் காயத்தில் எரியும். பொருக்கெல்லாம் போய், மருத்துவர் சொன்ன பிறகே மறுபடி தொடங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குப் பின்.

இவற்றைப் பார்த்தால் மட்டும் காலை விடியக் காத்திருக்காதீர்கள்: வலி மூன்றாம் நாளுக்குப் பின் குறையாமல் கூடுவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் சீழ், சிவப்பு பரவிக்கொண்டே போவது, பதினைந்து இருபது நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், மூச்சுத்திணறல். இன்னொன்று அரிது, ஆனால் கண்ணில் பட்டும் விட்டுவிடுகிறார்கள். நட்ட இடத்தின் நடுவில் ஒரு திட்டு சாம்பல் நிறமாகிப் பிறகு கருத்துவிடும். பொருக்கு என்று நினைத்து ஊறவைத்துக்கொண்டே இருப்பார்கள். பொருக்கு தண்ணீரில் இளகும், இது இளகாது. தோலோடு தோலாக இருக்கும். ரத்த ஓட்டம் இல்லாமல் அந்தத் தோல் செத்துக்கொண்டிருக்கிறது. மிக நெருக்கமாக நட்டதும், புகைப்பழக்கமும், கட்டுப்படாத சர்க்கரையும் இதற்கு வழி செய்பவை. அன்றைக்கே காட்டினால் சேதத்தைக் குறைக்கலாம்.

2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அடுத்த சில நாளிலேயே உயிரிழந்தது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. செய்யப்போவது யார் என்று கேட்கிற அதே மூச்சில் இன்னும் மூன்றைக் கேளுங்கள். வீட்டுப் பராமரிப்புத் தாளைத் தமிழில் தருவீர்களா? முதல் கழுவலை நீங்களே செய்துவிடுவீர்களா? இரவு பதினொரு மணிக்கு ரத்தம் கசிந்தால் எந்த எண்ணில், யார் போனை எடுப்பார்? முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, அந்த எண்ணுக்கு ஓர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை.